கைராசிக்காரர் தேய்த்த இலை

எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாற்றுப் பக்கம் ஒரு தாவரவியல் ஆய்வுக்கூடத்தில், என் முனைவர் பட்டம் ஒரு மனிதரின் விரல் நுனியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அவர் என் பேராசிரியர். எங்கள் கூடத்தில் எந்தப் புதுச் சோதனையானாலும் முதல் இலையை அவர்தான் தேய்க்க வேண்டும். அவருக்குக் கைராசியாம். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைச் சிரிக்காமல் சொல்வார்கள்.

பூஞ்சைக்கும் வைரஸ் தொற்றும் என்பது அப்போது புதுச் செய்தி. நெல்லுக்குக் குலைநோய் கொண்டுவரும் பூஞ்சையில் நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். செடியைத் தின்கிற பூஞ்சை செடியின் வைரஸையும் சேர்த்து விழுங்கியிருக்கும், ஆகவே அந்த வைரஸ் திரும்பவும் செடியைத் தொற்றும் என்பது அவர் கட்சி. இரண்டு வைரஸும் உறவாக இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் செடியின் வைரஸுக்கு ஒரு கீறல் போதும், நுழைந்துவிடும். பூஞ்சையின் வைரஸ் அப்படி வெளியிலிருந்து நுழைந்து யாரும் பார்த்ததில்லை. இழையோடு இழை சேரும்போது பரவும், வித்தோடு போகும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்கத்தான் இலையைத் தேய்ப்பது. பூஞ்சையை அரைத்த சாற்றைத் தொட்டு, கீறல் விழுவதற்காக நுண்மணல் தூவிய புகையிலைச் செடியின் இலையில் விரலால் தேய்ப்போம். வைரஸ் ஏறினால் சில நாளில் பழுப்புப் புள்ளி விழும்.

அவர் தேய்த்த இலையெல்லாம் புள்ளி. நான் தேய்த்ததில் ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் தொட்டு அவர் தேய்த்த செடியிலும் புள்ளி. தோட்டக்காரர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அந்தச் செடியைக் குப்பையில் போட வைத்தார்.

"உன் கைக்கு ராசி போறாது. நான் தேய்ச்சதை வெச்சுண்டு தீசிஸை எழுது. இல்லேன்னா கையெழுத்து கெடையாது."

எரிச்சலோடு அந்தக் கையைப் பார்த்தேன். மயிலாப்பூர்க் குளத்தருகே வாங்கிய மூக்குப்பொடி. இரண்டு இலைக்கு ஒரு சிட்டிகை இழுப்பார், விரலைக் கைக்குட்டையில் துடைப்பார், அடுத்த இலைக்குப் போவார். சோப்பு போடுவது அந்தஸ்துக்குக் குறைவு போலும். புகையிலையின் தேமல் வைரஸ், இலை காய்ந்து மூக்குப்பொடியானாலும் சாகாது. வருடா வருடம் அதைப் பாடமாக நடத்தியவரே இந்த மகானுபாவர்தான்.

அதே கடையில் அதே பொடியை வாங்கித் தண்ணீரில் கரைத்தேன். சோப்பு போட்டுக் கழுவிய கையால் புதுச் செடியில் தேய்த்தேன். புள்ளி விழுந்ததும் தொட்டியை அவர் மேசைமேல் வைத்தேன். முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தியா, உன் கைக்கும் ராசி வந்துடுத்து."

"இதுல பூஞ்சையே இல்ல சார். உங்க மூக்குப்பொடியைக் கரைச்சுத் தேய்ச்சேன்."

அவர் கை பழக்கத்தில் பொடி டப்பாவைத் திறந்தது. ஒரு சிட்டிகை இழுத்துவிட்டு, செடியைத் தூக்கிப் போட்டுவிடு, வெளியில் மூச்சு விடாதே, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

அந்தக் கை போடும் கையெழுத்து எனக்கு வேண்டியிருக்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னை மாணவியாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்க அடுத்த அறைப் பேராசிரியரிடம் போனேன்.