போலந்திலிருந்து ஓர் ‘ஆமா’

முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன் போலந்துப் பிரபுக்கள் தங்கள் ஆண்பிள்ளைகளைப் படிக்கவென்று நாடு நாடாக அனுப்பினார்கள். இத்தாலியில் சட்டம், பிரான்சில் பாஷையும் வாள்வீச்சும். புறப்படும்போது தகப்பன் நீண்ட அறிவுரை ஒன்றை எழுதிக் கொடுப்பார். கூடவே ஓர் ஆசிரியரும் போவார். மகனுடைய கடிதம் ஒருபக்கம் வர, ஆசிரியரின் கடிதம் தனியாக வரும். பிள்ளை மறைத்ததெல்லாம் அதில் இருக்கும்.

நான் நுரைச்சோலையில் சரித்திரம் படிப்பிக்கிறவன். பரீட்சைக்கு வராத இந்தக் கதையை வகுப்பில் யார் கேட்பார்கள்? வீட்டில் என் மகன் கேட்டான். கேட்டது வினையாகப் போயிற்று. மதுரங்குளிச் சந்தியில் ஒரு ஏஜென்சிக்காரர் ‘போலந்தில் பட்டப்படிப்பு’ என்று பலகை மாட்டியதும், “அவங்கட பிள்ளைகள் வெளியூருக்குப் போனாங்க. நான் அவங்கட ஊருக்குப் போறன் வாப்பா” என்றான். அந்தப் பேச்சில் மயங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

என் மனைவி கேட்டது ஒன்றைத்தான்: “அங்க பிள்ளைய ஆரு பாக்கிற?”

“நம்மட ஆள் ஒருத்தர் இரிக்கிறார். கூடவே நிப்பார்” என்றார் ஏஜென்சிக்காரர். எனக்கு அந்தப் பழைய ஆசிரியர் ஞாபகம் வந்து மனம் நிறைந்துவிட்டது. மடையன் நான்.

நானும் மகனுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். தொழுகையை விடாதே, குளிருக்குக் காதை மூடு, வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் குரல் பதிந்து அனுப்பு. நான்கு வெள்ளி குரல் வந்தது. நான்காவதில், “வேற ஊருக்குக் கூட்டிப் போறாங்களாம் வாப்பா. என்னத்துக்கு எண்டு சொல்றாங்க இல்ல” என்றான். ஐந்தாவது வெள்ளி எழுத்துதான் வந்தது. சுகமா மகன் என்று நான் கேட்டதற்குப் பதில்: “ஆமா அப்பா. நல்லா இருக்கேன். கவலைப்படாதீங்க.”

அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் கரையில் யாரும் ‘ஆமா’ என்பதில்லை, ‘ஓம்’ என்போம். பேசத் தொடங்கிய நாளிலிருந்து நான் அவனுக்கு வாப்பா. கூடவே நிற்கிற ஆள் எனக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார் என்று விளங்கியது.

சந்திக்கு ஓடினேன். பலகையும் இல்லை, ஆளும் இல்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். அதை எழுதிக்கொண்டவர் நல்ல மனிதர்தான், ஆனால் சிங்களத்தில் எழுதினார். அந்தப் பாஷையில் ஓமும் ‘ஓவ்’, ஆமாவும் ‘ஓவ்’. வாசித்துப் பார்த்துவிட்டு, “மெசேஜ் வருதுதானே சேர், பயப்பட வேணாம்” என்றார். என் பயம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது, அது அவருடைய தாளில் ஏறவே இல்லை.

இப்போதும் வெள்ளி தோறும் அந்த ஆளுக்கு மரியாதையாகப் பதில் எழுதுகிறேன். தெரிந்துகொண்டேன் என்று காட்டினால் பிள்ளையை என்ன செய்வார்களோ என்று பயப்படுகிறேன்.

என் மனைவிக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்ததும் போனை நீட்டினாள். அதில் ‘ஆமா அப்பா’ என்றுதான் இருந்தது. “ஓம் வாப்பா, சுகமா இரிக்கிறன்” என்று வாசித்தேன்.

“குரலக் காணல்லயே எண்டு பயந்து போய் இரிந்தன்” என்றாள். “ஓம் வாப்பா எண்டு சொல்லியிரிக்கான்தானே. அப்ப அவன்தான்.”