ஆக்சிலேட்டர் இல்லாத பக்கம்

என் அண்ணி டிரைவிங் ஸ்கூல் டீச்சர். எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள்தான். அவர்கள் அவளுக்கு வைத்த பேர் பிரேக்கம்மா. தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே போதும், கற்றுக்கொள்கிறவள் சுதாரிப்பதற்குள் அண்ணியின் கால் பிரேக்கில் இருக்கும். நானும் அவளிடம் ஒரு மாதம் படித்தேன். என்னைக் கடவுளே வந்தாலும் ஓட்ட வைக்க முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள்.

டிரைவிங் ஸ்கூல் காருக்குள் பார்த்திருப்பீர்கள். கற்றுக்கொள்கிறவர் வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். சொல்லிக்கொடுக்கிறவர் இடது பக்கம். அந்த இடது பக்கத்திலும் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். ஆக்சிலேட்டர் மட்டும் இருக்காது. ஓட்டுவது படிக்கிறவள் பாடு, நிறுத்துவது டீச்சர் பாடு. அண்ணி தன் வயதில் பாதியை அந்த இடது பக்கத்தில்தான் கழித்திருக்கிறாள்.

மீதியைக் காத்திருந்து கழித்தாள். என் அண்ணன் குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக். கல்யாணமான மறு வருடமே வெளிநாடு போனவன்தான். குழந்தை இல்லை. லீவில் வருவான், வீட்டில் இருக்கிற எல்லா ஃப்ரிட்ஜையும் கழற்றி மாட்டுவான், போவான். வந்தால் கார் சாவி அவன் கைக்குப் போய்விடும். "நான் இருக்கும்போது நீ எதுக்குடி ஓட்டணும்? சும்மா உட்காரு" என்பான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பழக்கதோஷத்தில் இல்லாத பிரேக்குக்கு வெறும் கால்மிதியை அழுத்திக்கொண்டே வருவாள். "காலைத் தூக்கி மேல வைடி, கார்ல ஓட்டை விழுந்துடப் போகுது" என்று அவன் சிரிப்பான். அவள் ஓட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. அண்ணிக்கு அதில் ஒரு குறை இருந்தது. என்னிடம்கூட ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு மறதி வந்த விஷயம் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தேடினானாம். பிறகு தங்கியிருந்த அறைக்குத் திரும்பும் வழியைத் தேடினானாம். கடைசியில் கம்பெனிக்காரர்கள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். போனில் சில நாள் அண்ணியின் குரல் கேட்டதும் கொஞ்சுவான், சில நாள் "யாருங்க பேசறது?" என்பான். அங்கிருந்த டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். காலை நேரத்தில் தெளிவாக இருக்கிறார், மத்தியானத்துக்கு மேல் கலங்கிவிடுகிறது, வருவதானால் சீக்கிரம் வாருங்கள், வரும் நாளில் காலையிலேயே வந்துவிடுங்கள்.

"குரலை மட்டும் கேட்டா தடுமாறுவாரு. முகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றாள் அண்ணி. அந்த ஒன்றை நம்பித்தான் அவனை வீட்டுக்குக் கூட்டிவர விமானம் ஏறினாள். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் ஒட்டிக்கொண்டேன்.

போய் இறங்கியது விடியற்காலை. அண்ணனோடு வேலை பார்த்த நண்பர் காரோடு வருவதாக ஏற்பாடு. வெளியே வந்து போனைத் திறந்தால் அவர் அழுகிற குரலில் பேசுகிறார். ஷிப்டு மாற்றித் தரவில்லை, என்ன கெஞ்சியும் விடவில்லை. அந்த இல்லம் இருக்கும் சின்ன ஊருக்கு ரயில் கிடையாது, அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸும் இல்லை, டாக்சியும் அவ்வளவு தூரம் வராது. "அக்கா கையில இன்டர்நேஷனல் லைசென்ஸ் இருக்குல்ல? வாடகைக்குக் கார் சொல்லிட்டேன். அவங்களே டீச்சர்தானே, அசால்ட்டா ஓட்டிட்டுப் போயிருவாங்க" என்றார்.

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த லைசென்ஸ் அவள் கிளம்பும்போது சும்மா இருக்கட்டும் என்று எடுத்தது. அங்கே எல்லாமே தலைகீழ். வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் போகின்றன, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண் சாவியைக் கொடுத்து, சிரித்து, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். வாகன நிறுத்தத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அந்த இடத்தில் வலது கதவைத் திறந்து ஏறி அசடு வழிவார்களாம். அண்ணி தடுமாறவே இல்லை. நேராக இடது பக்கம் போய், ஏறி, பெல்ட் மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"எதுக்கு அண்ணி பார்க்கறீங்க?"

"கிளம்பு" என்றாள்.

"நானா? ஸ்டியரிங் உங்க முன்னாடி இருக்கு!"

குனிந்து பார்த்தாள். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆனால் கைப்பையை மடியைவிட்டு எடுக்காததைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்தது கூத்து. அது கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே மெல்ல ஊரும். அண்ணி ஊர்ந்தாள். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடி ஓங்கி மிதிக்கும், அது பிரேக்கில் போய் விழும், இரண்டு பேர் தலையும் முன்னால் போய்த் திரும்பும். மறுபடி ஊரும். மறுபடி குலுங்கும். அந்த வாகன நிறுத்தத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. காவலாளி ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு அண்ணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "என்னால முடியாது பாப்பா. இந்தப் பக்கம் உட்கார்ந்தா என் காலுக்கு நிறுத்த மட்டும்தான் தெரியும்."

தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் நான் பாப்பாதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் நான் யாருக்கும் பாப்பா இல்லை.

"படிக்க வர்ற பொண்ணுங்க இப்படி அழுதா என்ன சொல்வீங்க?"

"அழுதுகிட்டே ஓட்டுன்னு சொல்வேன்."

"அப்ப ஓட்டுங்க. அங்க அண்ணன் காத்துக்கிட்டு இருக்கான்."

முகத்தைத் துடைத்தாள். இடது காலை மடக்கி, உனக்கு இங்கே வேலையில்லை என்பதுபோல சீட்டுக்கடியில் தள்ளினாள். பிறகு அந்த டீச்சர் குரல் வந்தது. "கண்ணாடியைப் பாரும்மா. இண்டிகேட்டர் போடு. வலது கால் வலது பக்கத்துல இருக்கட்டும். முட்டை மேல வைக்கிற மாதிரி மெதுவா அழுத்து. உன்னை யாரும் தின்னுட மாட்டாங்க." என்னைச் சொல்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. தனக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கார் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியது.

முதல் ரவுண்டானாவில் எந்தப் பக்கம் பிரிவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தோம். போனில் வழி சொல்கிற பெண் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "இரும்மா, நீ வேற உசுரை வாங்காத" என்று அண்ணி அவளையும் திட்டினாள். பெரிய சாலைக்கு வந்தபோது லாரிகள் காதோரம் உரசுவதுபோலப் போயின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரண்டு பக்கமும் வயல், ரோடு நீளமாகக் கிடந்தது, அண்ணியின் தோள்கள் இறங்கியிருந்தன. பாடம் எடுப்பது எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. மெல்ல ஒரு லாரியை முந்தினாள். முந்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் பாஸான பிள்ளைகூட அப்படிப் பார்க்காது.

"திரும்பி வரும்போது உங்கண்ணன் முன் சீட்டு. நீ பின்னாடி போயிடணும். சொல்லிட்டேன்" என்றாள்.

"எனக்கென்ன, அவன் உங்க டிரைவிங்கைப் பார்த்து என்ன சொல்றான்னு கேட்கணும்."

"வாயைத் திறக்கட்டும், நடுரோட்டுல இறக்கி விட்டுர்றேன்" என்று சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவளை அத்தனை சந்தோஷமாகப் பார்த்த கடைசித் தருணம் அதுதான்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. தாழ்வாரத்தில் தட்டுகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணி குழாயடியில் முகம் கழுவி, தலைவாரி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வந்தாள். நர்ஸ் எங்களைத் தனியாக அழைத்தார். நல்ல பெண். ஆனாலும் அவர் சொன்னதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம். காலையில் அண்ணன் எழுந்ததும் ஷேவ் செய்துகொண்டு, முழுக்கைச் சட்டை போட்டு, பையோடு வாசலில் வந்து உட்கார்ந்தானாம். என் மனைவி வருகிறாள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவள் பேரைச் சொன்னானாம். சாப்பிட்டு எழுந்த பிறகு இது யாருடைய பை என்று கேட்டானாம். எதையும் மறுத்துப் பேசாதீர்கள், பயந்துவிடுவார், பயந்தால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார் என்றும் சொன்னார்.

அண்ணி கையிலிருந்த சாவியையே பார்த்தாள். அந்த வாகன நிறுத்தத்தில் சுற்றிய சுற்றுகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் வந்திருந்தால் தெரிந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவளிடம் சொல்லிப் பயனில்லை.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். இளைத்துப்போய், சட்டைக் காலர் கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பாப்பா! வந்துட்டியா? என்னடி இப்படி நரைச்சுப் போயிட்ட?"

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தெரிகிறது, அப்படியென்றால் அவளையும் தெரியும் என்று நகர்ந்து நின்றேன். அண்ணி இரண்டடி முன்னால் வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

"வண்டி கொண்டுவந்தவங்களா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அவளிடம், "உட்காருங்கம்மா. ஏன் நிக்கறீங்க?" என்றான்.

வாடி போடி என்று கூப்பிட்ட வாய் அது. லீவு முடிந்து கிளம்பும்போது வாசலில் நாலு பேர் முன்னால்கூட வாடி என்றுதான் சொல்வான். இப்போது நீங்க என்கிறான், அம்மா என்கிறான். மரியாதையை அந்த அளவுக்கு நான் என் வாழ்நாளில் வெறுத்ததில்லை.

"உங்க அண்ணி வரலையாடி?" என்றான் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியே பதில் சொன்னாள். "அவங்களால வர முடியலைங்க. உங்களைப் பத்திரமா கூட்டிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாங்க."

குரல் பிசிறவில்லை. எனக்குத்தான் அழுகை பொங்கியது. அவன் திருப்தியாகத் தலையாட்டி எழுந்தான். "அவ அனுப்பினாளா? அப்ப சரி."

காருக்கு வந்ததும் அண்ணி முன்பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அண்ணன் அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தான்.

"முன்னாடி உட்காருங்களேன்" என்றாள்.

"இல்லைங்க, நான் தங்கச்சியோட பேசிக்கிட்டு வர்றேன். நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

நான் அவனோடு பின்னால் ஏறினேன். முன் சீட்டில் அவன் பையை வைத்தோம். அண்ணி வண்டியை எடுத்தாள். குலுங்கவில்லை, தயங்கவில்லை, வாய்விட்டுப் பாடமும் எடுக்கவில்லை. காலையில் சுற்றிச் சுற்றி வந்த அந்த ரவுண்டானாவை ஒரே வீச்சில் கடந்தாள். பயம் போயே போய்விட்டது. பயப்படுவதற்கு இனி அவளுக்கு என்ன இருக்கிறது?

அண்ணன் வழியெல்லாம் பேசினான். பாதி எனக்குப் புரியவில்லை. நடுவில் முன்னால் சாய்ந்து, "என் வீட்டுக்காரியும் கார் ஓட்டுவா. ஓட்ட சொல்லிக்கொடுக்கிற டீச்சர்" என்றான் பெருமையாக.

"அப்படிங்களா?" என்றாள் அண்ணி.

"ஆனா அவ ஓட்டி நான் உட்கார்ந்ததே இல்லைங்க. ஊருக்குப் போனா சாவியை நான் பிடுங்கிக்குவேன். பாவம், ஆசையா இருந்திருக்கும். இந்தத் தடவை அவகிட்டயே குடுத்துடணும்."

கண்ணாடியில் அண்ணியின் கண் தெரிந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாடையிலிருந்து சொட்டியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. துடைப்பதற்குக்கூட ஒரு கையை எடுக்கவில்லை. "குடுங்க. சந்தோஷப்படுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விமானம். அதுவரை தங்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை போட்டிருந்தோம். வாசலில் நிறுத்தியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் இறங்கி, அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தான்.

"ரொம்ப நல்லா ஓட்டுனீங்கம்மா. அலுங்கவே இல்லை. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிருங்க, உங்க வீட்டுல தேடுவாங்க."

"சரிங்க" என்றாள் அண்ணி.

அவனை உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். அவள் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வாங்க அண்ணி."

"எப்படி வர்றது பாப்பா? அவர் இருக்கற ரூமுக்குள்ள, நான் யாருன்னு சொல்லிக்கிட்டு வர்றது?"

பையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அண்ணன் எழுந்து கண்ணாடிக் கதவருகில் வந்து நின்றிருந்தான். வண்டி இன்னும் கிளம்பவில்லையே என்று பார்த்து, போய் வாருங்கள் என்று கையை அசைத்தான்.