சாமி படம் எந்த டப்பாவில்

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டு தெருமுனையில் கேட்டதுமே டப்பாக்களைத் திறந்து இன்னொரு முறை சரிபார்ப்பேன். பச்சை டப்பாவில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காதது, சிவப்பில் உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின். நான் ஐந்தாவதோடு நின்றவன்; நிறம் பார்த்தே பழகினேன். பால் கவர், முட்டை ஓடு எல்லாவற்றையும் இப்போது கை தானாகவே பிரித்துவிடும். ஆனாலும் வண்டியில் வரும் பெண் டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கும்போது, நாலு பேர் எதிரில் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று தலை குனிந்தே நிற்பேன்.

போன மாதம் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர இருந்தோம். முதல் முறை தங்காமல் போய், மறுபடி உண்டானவள். அதற்காக வீட்டில் ஒட்டடை அடித்தபோது, திருப்போரூர் கோயில் வாசலில் வாங்கிய முருகன் படம் ஆணியிலிருந்து விழுந்தது. கண்ணாடி நொறுங்கி, படத்தில் வேல் மேல் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

என் மனைவி வெளக்குமாற்றைக் கீழே போட்டாள். "பின்னமான படம் வூட்ல இருக்கக் கூடாது. நாளைக்குப் பொண்ணு வர்றதுக்குள்ள எங்கனா வுட்டுட்டு வா" என்றாள்.

உடைந்த சாமி படங்களை எல்லோரும் குளத்தங்கரை அரசமரத்தடியில்தான் வைப்போம். துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். மரத்தடியைச் சுத்தம் செய்து, குப்பை போட்டால் அபராதம் என்று பலகை வைத்திருந்தார்கள். மேலே கேமரா. அது என்னை மட்டுமே பார்ப்பது போல இருந்தது. அப்படியே சைக்கிளைத் திருப்பித் திருவிடந்தைக் கடற்கரைக்குப் போனேன்.

அங்கே இரண்டு பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, துண்டுல?" என்றார் ஒருவர்.

"சாமி படம். தண்ணில வுடலாம்னு..."

"கண்ணாடியோடவா? நீ வுட்டுட்டு வூட்டுக்குப் போயிடுவ. அலை அத்த கொண்டாந்து எங்க கால்ல ஏத்தும். அப்ப முருகர் மேல கேஸ் குடுக்கறதா, உம்மேல குடுக்கறதா?"

மற்றவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தைப் பிரித்தேன். சட்டம் நீல டப்பாவுக்கு. கண்ணாடித் துண்டுகளைச் செய்தித்தாளில் கனமாகச் சுற்றிச் சிவப்புக்கு. மிஞ்சியது காகிதம். காகிதம் என்றால் நீலம்தான், தெரியும். ஆனால் பிஸ்கெட் கவருக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் நடுவில் அந்த முகத்தை வைக்கக் கை போகவில்லை. சுருட்டி, சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மனைவி கேட்டதற்கு, காலையில் வண்டியில் போய்விடும் என்றேன்.

மறுநாள் வண்டி வந்தது. "கண்ணாடி கீது, பாத்து எடும்மா" என்று பொட்டலத்தைக் கொடுத்தேன். பிறகு சுருளை நீட்டி, "இத மட்டும் எந்தக் கோயில்லயாவது சேத்துடும்மா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொல்லியிருப்பேன்.

அவள் பிரித்துப் பார்த்தாள். வண்டிக் கைப்பிடியில் தொங்கிய துணிப்பையைக் காட்டினாள். அதற்குள் இதே மாதிரி சுருள்கள், ஒரு உடைந்த பிள்ளையார்.

"அல்லாரும் இதையே சொல்றீங்கண்ணா. கோயில்லயும் வாங்க மாட்றாங்க. உங்க வூட்ல வெச்சா ஆவாதுன்னு என்னாண்ட குடுக்கறீங்க. நானும் குப்பைல போட மாட்டேன். அப்ப எங்க வூட்டுக்குத்தான எடுத்துனு போவணும்? எங்க வூட்லயும் கொழந்தைங்க கீதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. படத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "குடும்மா" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

உள்ளே மனைவி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாய்யா, வாங்கலியா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அவ வூட்டுக்கா எடுத்துனு போறா?"

"ஆமா. பை நெறைய கீது."

வாழைப்பூவைத் தள்ளி வைத்தாள். பிறகு, "நம்ம பயத்த அவ வூட்ல எறக்கிவெச்சா நல்லாவா இருக்கும்? குடு" என்றாள். காகிதத்தை மடியில் வைத்து நீவி, சாமி அலமாரிச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். கற்பூரம் ஏற்றினாள். கீறலை மறைத்துப் பூ வைத்தாள்.

சாயங்காலம் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். விழுந்து கும்பிட முடியாமல் நின்றபடியே கும்பிட்டாள். "கண்ணாடி எங்கம்மா?"

"ஒடஞ்சிபோச்சி. செவப்பு டப்பால போட்டாச்சி" என்றாள் மனைவி.

மகள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் நாள் சொல்லியிருக்கிறார்கள். மகள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் நாங்கள் இருவரும் அந்தச் சுவரைப் பார்க்கிறோம். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல், அவளுக்குச் சுடுதண்ணீர் வைக்கப் போகிறோம்.