பழைய பட்டியலில் ஜெகன் பெயர்

காலை பத்து நாற்பதுக்கு ஜெகனின் மனைவி சவரிமேரி போன் செய்தார். "அண்ணே, அவுரு போயிட்டாரு" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மாரடைப்பு. ஆரோக்கிய ஜெகனுக்கு நாற்பத்தொரு வயது.

அண்ணாமலை நகரில் என்னோடு படித்தவன். கடலூரில் எங்கள் சிறிய நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் பக்கத்து நாற்காலியில் இருந்தான். கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னல் திடீரென்று நின்றுபோனால், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் டீபக்கரை எழுதுவது அவன் வேலை. நிற்கும் கெர்னல் வெறும் எண்களைத்தான் விட்டுப்போகும். எந்த எண்ணில் எந்த நிரல்பகுதி இருக்கிறது என்று பெயர் சொல்லும் பட்டியல்தான் சிம்பல் டேபிள். நிரலைத் திருத்தி கெர்னலைப் புதிதாக உருவாக்கும்போதெல்லாம், அதாவது பில்ட் செய்யும்போதெல்லாம், அந்த எண்கள் நகர்ந்துவிடும். பட்டியலும் புதிதாக வேண்டும். பழையதைக் கொடுத்தால் டீபக்கர் கூச்சமில்லாமல் வேறொரு பெயரைச் சொல்லும்.

சென்ற மார்ச்சில் வாடிக்கையாளர் ஒருவரின் பம்ப் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே நாளில் நின்றன. புதிய பட்டியல் இல்லை. இடம் ஜாஸ்தி பிடிக்கிறது என்று மேலாளர் பாலகுமார்தான் அழிக்கச் சொல்லியிருந்தார். அவசரத்தில் முந்தைய பில்டின் பட்டியலை ஏற்றினார். திரையில் ஜெகன் எழுதிய நிரல்பகுதியின் பெயர் வந்தது. அன்று மாலையே, பிழை ஜெகனுடையது என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை போனது.

ஜெகன் சண்டை போடவில்லை. டீக்கடையில் என்னிடம் சிரித்தான். "தெருவுக்குப் புது நம்பர் போட்டாச்சு மச்சான். இவுரு பழைய லிஸ்ட்ட வெச்சிக்கிட்டு, எவனோ திருடுனதுக்கு என் வீட்டுக் கதவத் தட்டுறாரு."

நான்கு நாள் உட்கார்ந்து அதே கெர்னலை மறுபடி பில்ட் செய்து, சரியான பட்டியலை எடுத்தான். அந்த எண்ணில் இருந்தது பாலகுமாரே எழுதிச் சேர்த்த நிரல்பகுதி. காட்டினான். பாலகுமார் மறுக்கவில்லை.

"சரிதான் ஜெகன். ஆனா ரிப்போர்ட் போயிடுச்சே. இப்ப மாத்துனா ஆபீஸ் மானம் போயிடும்."

தன் பெயரை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லி ஜெகன் வாரம் ஒரு மெயில் அனுப்பினான். வேறெதுவும் கேட்கவில்லை. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் வேலை எதையும் அவனுக்குத் தரவுமில்லை.

அடக்கத்துக்கு பாலகுமார் ஆளுயர மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் என் தோளில் கை போட்டு, சிம்பல் டேபிள் என்றால் ஜெகன்தான், அவனை மாதிரி இன்னொருத்தன் கிடைப்பானா என்றார். அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் கையை மட்டும் சொல்வானேன். பட்டியலை அழித்த கட்டளையை அடித்தது என் கை. அவர் சொல்லித்தான் அழித்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். வேலைக்குப் பயந்து கொடுக்கவில்லை.

நேற்று அவன் கம்ப்யூட்டரைக் காலி செய்யச் சொன்னார்கள். திறந்து பார்த்தேன். கெர்னலின் அடையாள எண்ணும் பட்டியலின் அடையாள எண்ணும் ஒன்றுதானா என்று டீபக்கரே சரிபார்க்கும்படி எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். ஒப்பிடும் பகுதி முடிந்திருக்கிறது, சோதித்தும் இருக்கிறான். பொருந்தாதபோது பெயரைக் காட்டாமல் நிறுத்தும் பகுதியை எழுதவில்லை. இப்போதைக்கு டீபக்கர் 'பட்டியல் பொருந்தவில்லை' என்று காட்டிவிட்டு, அடுத்த வரியில் அந்தத் தவறான பெயரையும் காட்டுகிறது.