நான் சொன்ன ஒரு ‘ஓம்’

கட்டைவிரல் நீளத்தில் கறுப்பாக ஒரு பொருள். ஒரு முனையைக் கணினியின் யுஎஸ்பி துளையில் செருக வேண்டும். மறுமுனையில் திரையின் வயரை மாட்ட வேண்டும். வேலை செய்யத் தொடங்கினால் மேலே சின்னதாக ஒரு நீல வெளிச்சம் எரியும். கணினியில் ஒரு திரைக்குத்தான் இடமிருக்கிறது, இன்னொன்றும் வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு நாங்கள் கொடுப்பது இதைத்தான். கடைக்காரர்கள் வெறுமனே ‘அடப்டர்’ என்போம். கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்து எனக்குப் பல வருடங்களாகிவிட்டன. எத்தனை பேருக்கு இதை மாட்டிக் கொடுத்திருப்பேன் என்பது நினைவில் இல்லை. முதன்முதலில் மாட்டிய இடம் மட்டும் நினைவிலிருந்து போவதில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. மேசைக்குப் பின்னால் ராத்தா உட்கார்ந்திருந்தார்.

ராத்தா என் கூடப் பிறந்தவர் அல்ல. மூத்த பெண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். ஒரு டொக்டர் நடத்திய சிறிய தனியார் டிஸ்பென்சரியில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுத்து, அவர்களுடைய விபரங்களைக் கணினியில் பதிந்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவருடைய வேலை. அவரது ஞாபகசக்தியைப் பற்றி அங்கு வருகிறவர்கள் எல்லாரும் கதைப்பார்கள். நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவர் இரண்டு வருடம் கழித்து வந்து நின்றபோது, அவர் வாயைத் திறக்குமுன்பே, “கால் புண்ணுக்கு வந்த நீங்கதானே, ஒங்கட காட் நம்பர் நானூத்திப் பன்னெண்டு” என்று ராத்தா சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் சிரித்துவிட்டார். ராத்தாவும் சிரித்தார். தன் நினைவைப் பற்றி அவருக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அந்த டிஸ்பென்சரியில் எந்நேரமும் கூட்டம். என் நம்பர் போய்விட்டதா, அவரை எப்படி முந்தி விட்டீர்கள் என்று சத்தம் ஓயாது. கூப்பிட்டுக் கூப்பிட்டே ராத்தாவின் தொண்டை கட்டிப்போகும். சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டி, அதில் நம்பரைக் காட்டினால் என்ன என்று டொக்டர் கேட்டார். ராத்தாவின் கணினி பழையது. அதில் ஒரு திரைக்கு மேல் மாட்ட வழியில்லை. புதுக் கணினி தேவையில்லை, அடப்டரால் சமாளிக்கலாம் என்று சொன்னவன் நான்தான். திரையை ராத்தாவின் தலைக்குப் பின்னால் உயரத்தில் மாட்டினோம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ராத்தாவுக்குத் தெரியாது, அவர் அதற்கு முதுகு காட்டித்தான் இருப்பார்.

இரண்டு திரைகளை ஒரு கணினியில் மாட்டும்போது இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்றில் இருப்பதே மற்றதிலும் தெரிய விடலாம். அல்லது இரண்டிலும் வேறு வேறு காட்சிகள் தெரிய விடலாம். இங்கே இரண்டாவதுதான் வேண்டும். மேசைத் திரையில் நோயாளியின் விபரம், சுவர்த் திரையில் நம்பர் மட்டும். அப்படியே வைத்தேன், சரியாக வந்தது. பிறகு, மின்சாரம் போய்வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கித் திரும்பக் குத்தினேன். கணினி எழும்பியது. சுவரில் நம்பர் இல்லை. மேசைத் திரையில் இருந்தது அப்படியே அங்கேயும் இருந்தது. இந்த அடப்டருக்குத் தனியாக ஒரு மென்பொருள் உண்டு. அது பிந்தி எழும்பினால் கணினி பழைய ஒழுங்கை மறந்துவிடும். திருத்தினேன். இன்னும் இரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு தடவையும் நம்பர்தான் வந்தது. இனி அந்தப் பிழை வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும், கரண்ட் போய் வந்தால் முதலில் திரும்பிச் சுவரைப் பாருங்கள் என்று ராத்தாவிடம் சொல்ல வேண்டும், ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். அதற்குள் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிறகு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழிந்திருக்கும். ஒரு காலைநேரம், கூடம் நிறைய ஆட்கள். கரண்ட் போய், சில நிமிடங்களில் வந்தது. அடுத்து உள்ளே போக இருந்தவர் இளவயது டீச்சர் ஒருவர். ராத்தா அவருடைய விபரத்தைத் திறந்தார். டீச்சரின் பெயரும் வயதும், வலிப்பு நோய்க்கு அவர் எத்தனை வருடமாக என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்பதும் அந்தப் பெரிய திரையில் கூடத்துக்கே தெரிந்தன. டீச்சருக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்த நேரம் அது. மாப்பிள்ளையின் மாமி ஒருவர், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதே கூடத்தில் இருந்தார். டீச்சர் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் ஒரு வயதானவர்தான், “புள்ள, பின்னால பாருங்க” என்றிருக்கிறார். ராத்தா திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையில் ஏறி இரண்டு கைகளையும் விரித்துத் திரையை மறைத்திருக்கிறார். அவருடைய கைகள் எந்த மட்டுக்கு மறைக்கும்? பிறகுதான் வயரைப் பிடுங்கி இழுத்தார்.

எனக்குப் போன் கோல் வந்து நான் போய்ச் சேரும்போது நோயாளிகள் யாரும் இல்லை. டொக்டர் தன் அறையில் நின்றுகொண்டிருந்தார். ராத்தா கதவோரம் நின்றார், கண்கள் சிவந்திருந்தன. டொக்டர் கோபக்காரர் அல்ல. அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

“கரண்ட் போய் வந்தா இப்பிடி நடக்கும் எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒரு தரம் அப்பிடி வந்த, டொக்டர்.”

“அத இவங்கட்ட சொன்ன நீங்களா?”

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில் நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகத் திறந்தது.

“ஓம் டொக்டர். சொன்னன்.”

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்கிறாய் என்ற பார்வையாக அது இருந்திருந்தால் அதை என்னால் தாங்கியிருக்க முடியும். ஆனால் அவர் என் முகத்தில் எதையோ தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டுத் தனக்குள் தேடத் தொடங்கினார். நெற்றி சுருங்கியது. “சொல்லியிருப்பாரு டொக்டர். எனக்குத்தான் நெனவில்ல” என்றார் மெதுவாக.

கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறேன் என்று டொக்டர் அவரை அனுப்பினார். பிறகு கூப்பிடவில்லை. டீச்சரின் கல்யாணம் நின்றுபோனது. காரணம் எதுவும் வாயால் சொல்லாமல், இப்போதைக்கு வேண்டாம் என்று மட்டும் மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். ராத்தா டீச்சரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார் என்றும் கேள்விப்பட்டேன். நான் எங்கேயும் போகவில்லை. என் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போகும் நேரம் எனக்கு எப்படியோ மனப்பாடமாகிவிட்டது. அந்த நேரத்தில் கடையின் முன்பக்கம் நிற்க மாட்டேன்.

ஆறு வருடம் இப்படியே போனது.

போன வருடம் ஒருநாள் சாய்ந்தமருதிலிருந்து ஒரு பெண் கோல் எடுத்தார். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் வரைகிறாராம். மடிக்கணினியில் ஏற்கெனவே வேறொரு திரையை மாட்டியிருக்கிறாராம். மூன்றாவதாக ஒன்று வேண்டும், அடப்டர் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். முகவரி கேட்டுப் போனேன். வாசலில் கதவைத் திறந்தவர் ராத்தா.

மெலிந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “வாங்க தம்பி. கட எப்பிடிப் போகுது?” என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் எதுவும் இல்லை. உள்ளே சுவரெங்கும் சிறு தாள்கள் ஒட்டியிருந்தன. கேஸ் அடுப்பைப் பூட்டு. பின்கதவு. உப்புப் போட்டாச்சா பார். எல்லாம் ராத்தாவின் கையெழுத்து.

கோல் எடுத்தவர் அவருடைய மகள். மேசைக்குப் பக்கத்தில் பலகையால் ஒரு சின்ன அடைப்பு. அதற்குள் எட்டு ஒன்பது மாதப் பெண்குழந்தை ஒன்று சிணுங்கிக்கொண்டிருந்தது. ராத்தா நாலடி தள்ளி ஒரு கதிரையில் போய் உட்கார்ந்து, குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழும்பி வந்து தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அஸர் தொழ உள்ளே போனார். அப்போது மகள் என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மூணாவது ஸ்கிரீன் கேமராவுக்குத்தான் காக்கா. குசினியில ஒண்டு, உம்மாட அறையில ஒண்டு போடப்போறன். வேல செய்யக்குள்ளயே உம்மாவப் பாத்துக்கிட்டு இரிக்கலாம். உம்மாக்கு மறதி. ஒரு நாள் அடுப்ப நூக்காம எரிய விட்டுட்டு வந்துட்டாங்க. புள்ளயையும் தனியக் குடுக்கிறல்ல. அவங்களே வேணாம் எண்டுதான் சொல்றாங்க.”

“எப்ப இருந்து இப்பிடி?” என்று கேட்டேன்.

“வேல போன நேரத்தில இருந்து. ஒரு முக்கியமான விசயத்த ஒராள் சொல்லிக் குடுத்தாராம், அத அப்பிடியே மறந்துட்டாங்களாம். ஒரு டீச்சர்ட வாழ்க்க அதால போச்சாம். உம்மாட உம்மாவும், எங்கட மூத்தம்மா, கடைசியில பெத்த புள்ளைகளயே மறந்துதான் மவுத்தாப் போனாங்க. அதுதான் தனக்கும் தொடங்கிட்டு எண்டு உம்மா முடிவெடுத்துட்டாங்க. கொழும்புக்கும் கொண்டுபோய்க் காட்டின. டொக்டர்மார் ஒரு நோயும் இல்ல எண்டாங்க. உம்மா நம்பல்ல. இப்ப எங்களுக்கும் பயம்.”

அடப்டரை ஏற்கெனவே செருகியிருந்தேன். திரை எழும்பிவிட்டது. எழும்பிப் போய்விட வேண்டும் போலிருந்தது. பையைக் கட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போனேன் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். தொழுது முடித்து வந்த ராத்தா, “பாத்துப் போங்க தம்பி” என்றார். அதற்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை.

“ராத்தா, அண்டைக்கு நான் ஒங்களுக்குச் சொல்லல்ல” என்றேன்.

“எண்டைக்கு?”

“டிஸ்பென்சரியில. கரண்ட் போய் வந்தா சுவரப் பாருங்க எண்டு நான் ஒங்கட்டச் சொல்லவே இல்ல. சொல்லோணும் எண்டு நெனச்சன். ஜும்ஆவுக்குப் போயிட்டன். டொக்டர் கேட்ட நேரம் பொய் சொல்லிட்டன்.”

அவர் அழுவார் என்று நினைத்தேன், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“அப்ப நான் மறக்கல்ல.”

“இல்ல ராத்தா.”

“நான் எத்தின ராவு யோசிச்சிருப்பன் தெரியுமா? நீங்க எந்த இடத்தில நிண்டு சொன்ன, என்ன வார்த்தயால சொன்ன எண்டு. ஒண்டும் வரல்ல. வராதுதானே!” பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். “மகள், இஞ்ச வாங்க. இந்தத் தம்பி சொல்றதக் கேளுங்க.” மகள் வந்ததும் என்னைப் பார்த்து, “இன்னொருக்காச் சொல்லுங்க” என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவையைவிட அது கடினமாக இருந்தது. கேட்டு முடித்ததும் மகள் உள்ளே போனார். அடைப்புக்குள்ளிருந்து குழந்தையைத் தூக்கிவந்து தாயின் கையில் கொடுத்தார். ராத்தா முதலில் பின்வாங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். மகள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ராத்தா முன்னால் நடக்க, டீச்சரின் வீட்டுக்குப் போனோம். டீச்சருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. உட்காரச் சொல்லாமல் வாசலில் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். “என்னப் பத்தி விடுங்க. அந்த நோய் எனக்கு இரிக்கிதுதானே, எண்டைக்காவது ஆக்களுக்குத் தெரிய வந்திருக்கும். இவங்களுக்கு இல்லாத நோயொண்ட நீங்க குடுத்திருக்கிறீங்க” என்றார். டொக்டரிடமும் போனேன். அவர் ராத்தாவைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார். ராத்தா வரமாட்டேன் என்றுவிட்டார்.

சுவரில் ஒட்டிய தாள்களை உரித்துவிட்டார் என்று மகள் ஒருநாள் சொன்னார். சிலதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாராம். ஆறு வருடப் பயம் ஒரேயடியாகப் போய்விடாதுதானே. வாங்கி வைத்திருந்த கேமராக்களைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என்னிடமே விற்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் பின்நேரத்தில் ராத்தா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கடைப்பக்கமாகக் கடற்கரைக்குப் போவார். நான் வெளியே வந்து ஸலாம் சொல்வேன். பதில் சொல்வார். நிற்க மாட்டார், முகம் திருப்ப மாட்டார், வேறொரு வார்த்தையும் கதைக்க மாட்டார். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.