அத்தியப்பண்ணன் சொல்லாமல் போனது

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் புளி வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உங்க கூட நடிச்ச ராசிபுரத்துக்காரர் போயிட்டாருங்களாமே" என்றார். எந்த ராசிபுரத்துக்காரர் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. காமாலை முற்றிப்போய் அவர் தம்பி வீட்டில் கிடந்தார். போன மாதம் போய்ப் பார்த்தபோது தேறிவிடுவார் என்றுதான் வைத்தியர் சொன்னார். புளியை அப்படியே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள்.

ராசிபுரம் அத்தியப்பனை உங்களில் பலர் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். வயதானவர்கள் சிலருக்குக் கூடாரக் கொட்டகை நாளிலிருந்தே தெரியும். அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாமி வேஷத்தில் கொடிகட்டிப் பறந்த ஆள், தலைக்கனம் ஏறி ஸ்டுடியோவில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். அதற்கப்புறம் குடியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியா? கலர் சோடாவுக்கு மேல் எதையும் தொடாத மனுஷன். துக்க வீட்டில் வாயைத் திறந்தால் ரசாபாசமாகும் என்று அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் ஏன் அந்த வேஷத்தை விட்டார் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

முதன்முதலில் நான் அவருடைய குரலைத்தான் அறிந்தேன். நான் நாடகக் கம்பெனியில் சின்னச் சின்ன வேஷம் கட்டிக்கொண்டிருந்த காலம். நாமக்கல்லில் நாங்கள் கொட்டகை போட்டிருந்தோம். எதிரே ஊமைப் படக் கூடாரம். படம் பேசாது என்பதால் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு கதை சொல்வார். அந்த ஆள்தான் அத்தியப்பண்ணன். எங்கள் ராஜபார்ட் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பார், எதிர்க் கூடாரத்திலிருந்து இந்தக் குரல் வந்து எங்கள் சனத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒருநாள் படச்சுருள் பாதியில் தீப்பிடித்துப் போச்சு. திரை வெள்ளையாக நிற்கிறது. இவர் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரத் துரைசானி கப்பலில் ஏறுகிறாள், புயல் வருகிறது, பிள்ளையைத் தேடுகிறாள் என்று சொல்லிக்கொண்டே போனார். சனங்கள் வெள்ளைத் துணியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். வேலியோரமாக நின்று நானும் அழுதேன். பிற்காலத்தில் இதை நான் சொன்னபோது சிரித்துவிட்டு, "படம் அறுந்தா சனங்க சத்தம் போடுவாங்க அம்மிணி. பேச்சு அறுந்தாத்தான் எந்திரிச்சுப் போவாங்க" என்றார்.

படம் பேசத் தொடங்கியதும் அவருடைய பிழைப்புப் போயிற்று. பழைய நெசவுத் தறிக்கே திரும்பிவிடலாம் என்று இருந்தவரைச் சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் கூப்பிட்டார்கள். அப்போதெல்லாம் பாடத் தெரியாதவனுக்குக் கதாநாயக வேஷம் கிடையாது. இவருக்குச் சுட்டுப்போட்டாலும் பாட்டு வராது. வந்து நின்று நாலு வார்த்தை சொல்லி வரம் கொடுத்துவிட்டு மறைகிற வேஷங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். "பாட்டு வராததால சாமியானவன் நான் ஒருத்தன்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் சேர்ந்து நடித்த படத்தில் நான் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். அவர் சிவனடியாராக வருகிற சிவன். செத்துக் கிடக்கிற என் மகன் நெற்றியில் திருநீற்றைப் பூசி, எழுந்து வா என்று கூப்பிடுவார். மகன் எழுந்து உட்காருவான். கண்கூசும் வெயிலில் எடுத்த காட்சி. அவர் குரலைக் கேட்டதும் செத்துக் கிடந்த பையனுக்கு மயிர்க்கூச்செறிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். படம் திருச்செங்கோட்டிலும் மற்ற ஊர்களிலும் ஓடியபோது அந்த இடத்தில் எழுந்து நின்று கற்பூரம் காட்டினார்கள். தெருவில் அவர் காலில் விழுந்தார்கள். அவர் பதறிப்போய் எட்டு வைத்துப் பின்னால் நகர்வார். "ஏனுங்க, நானும் உங்களாட்டம் தறி நெஞ்சவனுங்க. வேஷம் கலைச்சா ராசிபுரத்தான்" என்பார். யார் கேட்டார்கள்?

அப்புறம் யுத்தம் வந்தது. படச்சுருளுக்குத் தட்டுப்பாடு, படம் எடுப்பது குறைந்துபோயிற்று. எங்களைப் போன்றவர்கள் பாடு திண்டாட்டம். சர்க்காரின் பிரசார வண்டியில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் யுத்தக் காட்சிகளைத் திரையில் போடுவார்கள். அவர் மைக்கில் விளக்கம் சொல்ல வேண்டும். முன்னதாக நான் இரண்டு பாட்டுப் பாட வேண்டும். எனக்கும் அவர்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அத்தியப்பண்ணன் யாரையும் சேரச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இது டாங்கி, இது பர்மாக் காடு, இவர்கள் நம் பையன்கள் என்று சொல்வதோடு சரி. ஆனால் அந்தக் குரலில் சொன்னால் பர்மாக் காடு பக்கத்து ஊர் மாதிரி இருக்கும்.

மல்லசமுத்திரம் சந்தைத் திடலில் அன்றைக்கு ஆட்டம் முடிந்து திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பெண்பிள்ளை மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பெயர் பாவாயி. புருஷன் இல்லை, ஒரே மகன். மழை இல்லாமல் கடலைக்காய்க் காடு காய்ந்து கிடந்தது. பட்டாளத்தில் மோட்டார் ஓட்டக் கற்றுக் கொடுப்பார்கள், வந்து லாரி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று மகன் பொன்னுசாமி ஒற்றைக் காலில் நிற்கிறான். தடுத்துப் பார்த்துவிட்டாள், கேட்கவில்லை. போவதென்றால் அத்தியப்பண்ணன் கையால் திருநீறு வைத்து அனுப்ப வேண்டும் என்றாள். எங்கள் படத்தை அவள் பார்த்திருந்தாள் என்று சொல்லவும் வேண்டுமா.

அவர் தயங்கினார். அதெல்லாம் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். கூட்டம் கூடிவிட்டது. அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை அவிழ்த்து நீட்டினாள். அவர் எடுத்துப் பையன் நெற்றியில் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். படத்தில் பேசிய அதே குரலில், "போயிட்டு வா சாமி. நல்லபடியாத் திரும்பி வருவே" என்று சொல்லிவிட்டார். பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனை முன்னே விட்டுப் பின்னால் போனாள்.

கரியில் ஓடும் பஸ் மாதிரி இருமிக்கொண்டு போகும் அந்த வண்டியில் வழியெல்லாம் அவர் பேசவில்லை. இறங்கும்போதுதான் சொன்னார். "அம்மிணி, வசனத்துல இல்லாததைச் சொல்லிப்போட்டேன்." ஆறுதலுக்குச் சொன்னதுதானே அண்ணா, எல்லாரும் சொல்வதுதானே என்றேன்.

பர்மாவில் பொன்னுசாமியைக் காணவில்லை என்று பாவாயிக்குத் தந்தி வந்த சேதி எங்கள் காதுக்கும் எட்டியது. செத்தான் என்று இல்லை. காணவில்லை, அவ்வளவுதான். யுத்தம் முடிந்தது. திரும்பி வருகிறவர்கள் வந்தார்கள். அத்தியப்பண்ணன் வேலையைப் போட்டுவிட்டுச் சேலம் ரயிலடியில் போய் நிற்பார். இறங்குகிற பட்டாளத்துக்காரர்களை ஒவ்வொருவராக முகத்தைப் பார்ப்பார். ஒருமுறை பார்த்த முகம், அதுவும் வண்டி விளக்கு வெளிச்சத்தில். பையன் எதிரே வந்து நின்றாலும் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்குமோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோவில் மறுபடியும் படம் தொடங்கினார்கள். பெரிய படம். படம் முழுக்க வருகிற சிவன் வேஷம் அவருக்கு. வாழ்க்கையில் ஒருமுறைதான் அப்படி வரும், எல்லோரும் அவருக்காகச் சந்தோஷப்பட்டோம். ஒரு மத்தியானம் வாசலில் யாரோ தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் ஜடாமுடியும் நீறும் புலித்தோலுமாக வெளியே போனார். நானும் கூடப் போனேன். பாவாயி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்து ஸ்டுடியோ கூலியாட்களே கும்பிடுவார்கள். அவள் கும்பிடவில்லை.

ஊரில் எல்லோரும் காரியத்தைச் செய்து முடி என்கிறார்கள் என்றாள். பங்காளிகள் நாள் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. காணவில்லை என்கிற ஒரு தந்தியை நம்பிப் பெற்ற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க முடியுமா? அதனால் இவரிடம் வந்திருக்கிறாள்.

"நீங்க சாமி இல்லீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள் பாவாயி. "ஆனா வருவான்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானுங்க. வரமாட்டான்னும் நீங்களே சொல்லிப்போடுங்க. நான் அழுது முடிச்சுக்கறேன்."

எப்பேர்ப்பட்ட வசனத்தையும் ஒரே தடவையில் பேசி ஓகே வாங்குகிறவர். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நெற்றியில் பூசிய நீறு வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. கடைசியில், "இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க" என்றார். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தாள்.

உள்ளே வந்து காமிரா முன்னால் நின்றார். வரம் கொடுக்கிற வசனம். பேச்சு வரவில்லை. சுருள் வீணாயிற்று. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தியப்பண்ணன் ஜடாமுடியைக் கழற்றி ஒப்பனைக்காரர் கையில் கொடுத்தார். "வேற ஆளைப் போட்டுக்கங்க. நான் இனிமே யாருக்கும் வரம் குடுக்க மாட்டேன்" என்றார். சண்டையும் இல்லை, தலைக்கனமும் இல்லை. நடந்தது இவ்வளவுதான். துக்க வீட்டு வாசலில் நின்று பேசிய புண்ணியவான்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்ததெல்லாம் காவல்காரன், சபையில் நிற்கிற மந்திரி. பேச்சில்லாத வேஷமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இடையிடையே மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறிவிடுவார். இன்றைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போவார். ஒருதரம் நானும் கூடப் போனேன். பாவாயி அவரைக் கண்டதும், சொல்ல வந்தீர்களா என்றுதான் கேட்டாள். இல்லீங்க, இந்தப் பக்கமா ஒரு சோலி என்றார். களி கிண்டி, கீரை கடைந்து தட்டை வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டார். நடுவில் தலையைத் தூக்கி அவளைப் பார்ப்பார், வாய் திறக்கும். அவள் கையில் இருக்கிற அகப்பை அப்படியே நிற்கும். "இன்னுங் கொஞ்சம் கீரை ஊத்துங்க" என்பார்.

திரும்பி வரும்போது கண்டபடி திட்டிவிட்டேன். சொல்லித் தொலைப்பதற்கு என்ன அண்ணா, அந்தம்மா மகனுக்காகத் தலையோடு தண்ணி ஊற்றி ஒரு மூச்சு அழுதாவது தீர்ப்பாளே, உங்களால் அதுவும் கெட்டு இதுவும் கெட்டுப் பாதி உயிராகத் திரிகிறாளே என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா நடந்துருமோன்னு இருக்குது அம்மிணி" என்றார்.

அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஊரே சாமி என்று காலில் விழுந்தபோது நம்பாதவர், ஒரு தாய்க்குப் பயந்து தன் வாய்க்குச் சக்தி இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டார். அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அதிலேயேதான் உடம்பு இற்றுப்போனார். வைத்தியர் காமாலை என்பார். எனக்குத் தெரியும்.

துக்கம் விசாரித்துவிட்டு நான் சேலத்துக்குத் திரும்பவில்லை. மல்லசமுத்திரத்துக்குப் போனேன். பாவாயி வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தனியாக நான் வந்ததைப் பார்த்ததும் கை நின்றது. அத்தியப்பண்ணன் இறந்துபோனதைச் சொன்னேன். கையில் இருந்த பருப்பை முறத்தில் போட்டாள். அப்புறம் கேட்டாள். "கடைசியில ஏதாச்சும் சொன்னாங்களா?"

என்ன கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா. சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாக அழுதே வயிறு கழுவினவள் நான், எனக்கு அது ஒரு நடிப்பா? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

பாவாயி எழுந்தாள். மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, கட்டின சேலையோடு தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஓடினேன். நனைந்த தலைமயிர் முகத்தை மூடியிருக்க, "இனி ஆருங்க எனக்குச் சொல்ல இருக்கறாங்க? ரெண்டு பேருக்குஞ் சேத்து ஊத்திக்கறனுங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். திரையில் எத்தனையோ தடவை பிள்ளை செத்த தாயாக அழுதவள் நான். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொழுது இறங்கியதும் எழுந்தேன். அவள் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. நானும் போயிட்டு வாரேனுங்க என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அது துக்க வீடு ஆகிவிடக் கூடாதென்று இத்தனை காலம் ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்தார். பேசிப் பிழைக்கிற எங்கள் கூட்டத்தில் தன் வாய்க்குப் பயந்த ஆளை நான் வேறு கண்டதில்லை. அந்தப் பயம் ஒன்றைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், தன் மகனும் பர்மாவுக்குப் போனவன்தான், இன்னும் வரவில்லை, வந்துவிடுவான் இல்லையா என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.