ரோடல்பானுக்குக் காத்து நின்றோம்

அந்த யோசனை எனக்குத்தான் வந்தது. பவேரிய மலையூர் ஒன்றில், கேபிள் கார் டிக்கெட் யன்னலில், எங்களுக்கு முன்னால் இரண்டே பேர் நிற்கும்போது வந்தது. எனக்கு ஒன்பது வயது. யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை. பலகையைக் கண்டுவிட்டு வாசிக்காமல் விடுகிற பிள்ளை இல்லை நான். 'ரோடல்பான். ஐந்து கிலோமீற்றர். அடிவாரம் வரை.'

"அப்பா, போய்வாற டிக்கெட் எடுக்காதேங்கோ! மேல போக மட்டும் எடுங்கோ. இறங்க வேற பான் இருக்கு."

கொலோனில் எங்களுக்கு ட்ராமும் பான், நிலத்துக்குக் கீழே ஓடுவதும் பான், விமான நிலையத்துக்குப் போவதும் பான். பெயரின் வாலில் பான் என்று இருந்தால் ஏறி இருக்கலாம். அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அம்மாவும் நானும் ஜெர்மனிக்கு வந்து அப்போது இரண்டு வருஷம். அப்பா எங்களுக்கு முன்னமே வந்து, ட்ராம் டிப்போவில் பெட்டி கழுவும் வேலையில் இருந்தார். ஜெர்மன் பேசுவார். வாசிப்பதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். வீட்டுக்கு வருகிற கடிதம், மருந்துப் பெட்டி, பள்ளிக்கூடத்து அறிவித்தல், எல்லாம் என் வாயால்தான் தமிழாகும். பனியில் சறுக்குகிற வண்டிக்கு ஷ்லிட்டன் என்று ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியும். ரோடல் என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் அப்போது இல்லை.

"ரோடல் எண்டா?" என்று அப்பா கேட்டார்.

"அது ஊர்ப் பேர்" என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கட பான் பாலம் ஏறவே முக்கும். இது மலையால இறங்குதெண்டா பிறேக் எப்பிடி வைச்சிருப்பாங்கள்? கட்டாயம் பாக்கவேணும்."

ஸ்கீ ஓடாமல் பனியில் வேறு என்ன செய்யலாம் என்று பார்க்கத்தான் அந்த ஊருக்குப் போயிருந்தோம். வகுப்பில் பாதிப் பேர் ஸ்கீக்குப் போகிறார்கள் என்று நான் ஒரு மாதம் அழுதேன். "ரண்டு காலிலயும் பலகையைக் கட்டிப்போட்டு மலையில இருந்து தள்ளிவிடுறதோ விளையாட்டு?" என்று கேட்டு அம்மா அதை முடித்துவைத்தா. ஆகவே முதல் நாள் ஐஸ் மைதானம். குழந்தைகள் பிடித்துக்கொண்டு சறுக்குவதற்கென்று வைத்திருந்த பிளாஸ்ரிக் பென்குயினை அம்மா கட்டிப்பிடித்தது பிடித்ததுதான். அதைக் கேட்டு வந்த மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடக் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் குதிரை இழுக்கிற பனிவண்டி. பிறகு, கைப்பிடி வைத்த கனமான வட்டொன்றை ஐஸில் தள்ளிவிடுகிற விளையாட்டு. அதில் அப்பா உள்ளூர்க் கிழவர்கள் இரண்டு பேரைத் தோற்கடித்து, இரவுச் சாப்பாடு வரை அதையே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மலையுச்சி.

மேலே வெயில் இருந்தது. சூப் குடித்தோம், படம் எடுத்தோம், அப்பாவின் கைபேசி குளிரில் தானாக அணைந்துபோனது. மூன்றே முக்கால் மணியளவில் பானைத் தேடிப் புறப்பட்டோம். அம்புக்குறி கேபிள் கார் நிலையத்திலிருந்து கீழே இருபது நிமிட நடை தூரத்துக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு மரக் கொட்டில், பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் ஒரு வரிசை. எல்லார் கையிலும் மரச் சறுக்குவண்டி. பானில் சைக்கிள் ஏற்றுகிற மாதிரி இதையும் ஏற்றுவார்கள் என்று நினைத்து நாங்களும் வரிசையில் நின்றோம். கொட்டிலைச் சுற்றி மறுபக்கம் போன வரிசை குறைந்துகொண்டே போனது. பான் வரவில்லை.

"பானோ பாணோ, ஏதோ ஒண்டு கெதியா வரட்டும், எனக்குப் பசிக்குது" என்றா அம்மா. எங்களுக்குப் பாண் என்றால் ரொட்டி. மூவரும் சிரித்தோம். அன்றைக்கு மூவரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி.

எங்களுக்கு முன்னால் நின்ற மனிதரிடம் பான் எத்தனை மணிக்கு வரும் என்று அப்பா கேட்டார். அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்துக்குக் கீழே இருந்த பனியைச் சுட்டினார். "இதுதான் பான்" என்றார். சறுக்குவண்டியில் குப்புற விழுந்து, காட்டுக்குள் வளைந்து இறங்கிய வெள்ளைப் பாதையில் மறைந்துபோனார்.

ரோடல் ஊர்ப் பேர் இல்லை, அந்தச் சறுக்குவண்டிதான். பான் என்றால் பாதை என்றும் வரும்.

கேபிள் கார் நாலரைக்குக் கடைசி. ஏறிப்போக இருபது நிமிடம் வேண்டும். பத்து நிமிடம்தான் இருந்தது. கொட்டிலில் சறுக்குவண்டி வாடகைக்கு விடுகிற, தோள் அகன்ற பெண் எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தா. நடந்தால் இருண்டுவிடும், மிச்சமிருக்கிற இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், கொட்டிலைப் பூட்டிவிட்டு நான் பின்னால் வருவேன் என்றா. அவ பேசிய ஜெர்மன் எனக்குப் பாதிதான் விளங்கியது. இடக் குதிக்காலைப் பனியில் ஊன்றினால் இடப்பக்கம் திரும்பும், வலக்குதி வலப்பக்கம், இரண்டும் ஊன்றினால் நிற்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் 'பான் ஃப்ரை' என்று கத்த வேண்டும்.

"என்னவாம்?" என்றா அம்மா.

"பான் ஃப்ரையாம்."

"ஃப்ரை எண்டா இலவசமெல்லோ?" என்றார் அப்பா. ஒருவரும் சிரிக்கவில்லை. "வழி விடு எண்டும் வரும்" என்று நான் மெல்லச் சொன்னேன். அதையாவது சரியாகச் சொன்னேன்.

"நான் முன்னால போறன். என்ர சத்தம் கேட்டா வளைவு வருதெண்டு பிறேக் பிடியுங்கோ" என்று சொல்லிவிட்டு அப்பா தனியே ஏறினார். அம்மா என்னை முன்னால் இருத்தி, பின்னால் இருந்து இரண்டு கையாலும் இறுக்கினா.

அந்த இறக்கம் இன்றைக்கும் என் உள்ளங்காலில் இருக்கிறது. வெளிச்சம் முதலில் நீலமாகி, பிறகு சாம்பலானது. வலது பக்கம் மரங்கள். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. வேலியும் இல்லை, மரத்தின் உச்சிகள் மட்டும் எங்கள் காலுக்குக் கீழே தெரிந்தன. அம்மா குதியை ஊன்ற ஊன்ற பனி கிளம்பி என் கண்ணில் அடித்தது. கண்ணை மூடினால் இன்னும் வேகமாகப் போகிற மாதிரி இருந்தது. என் பிடரியில் அம்மாவின் மூச்சு. அம்மா ஏதோ தேவாரம் தொடங்கி, முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தா.

"பான் ஃப்ரை!" கீழேயிருந்து அப்பா. முதல் வளைவு. தப்பினோம்.

"பான் ஃப்ரை!" இரண்டாவது. மூன்றாவது. அந்தக் குரல் வரும்வரை நான் மூச்சு விடவில்லை. வந்ததும் விட்டேன்.

"பான் ஃப்..."

அவ்வளவுதான்.

அம்மா இரண்டு குதியையும் ஊன்றினா. வண்டி குறுக்கே திரும்பி எங்களைக் கொட்டியது. எழுந்து, வழுக்கி, ஓடினோம். பாதை வலப்பக்கம் திரும்பியது. அப்பாவின் வண்டி கீறிய இரண்டு கோடுகளும் திரும்பவில்லை. நேரே போய், விளிம்பில் முடிந்திருந்தன.

"இஞ்சாருங்கோ!" என்று அம்மா கூப்பிட்டா. பதில் இல்லை. "இஞ்சாருங்கோ!"

பிறகு அம்மா பனியில் குப்புறப் படுத்து, விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. அம்மாவின் வாயில் அந்தப் பெயரை நான் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. கடிதங்களில் மட்டுமே நான் வாசித்திருந்த பெயர். இருட்டோ பள்ளமோ என்னை அவ்வளவு பயமுறுத்தவில்லை. இனி அப்பா இல்லை, அதனால்தான் பெயரைச் சொல்லலாம் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"அம்மா, ரோடல் எண்டா ஊரில்லை. தெரியாமத்தான் சொன்னனான்."

அம்மா திரும்பவில்லை. "வாயை மூடிக்கொண்டு, சத்தம் ஏதும் கேக்குதோ எண்டு கேள்."

கேட்டேன். என் இதயம் கேட்டது. எங்கேயோ ஒரு கிளையிலிருந்து பனி விழுந்தது கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு இருமல். அதற்குப் பின்னால், கீழே ஒரு மரத்தடியிலிருந்து அப்பாவின் குரல்: "பிறேக் சரியில்லையப்பா."

அம்மா அழுதுகொண்டே ஏசினா. "உங்களை ஆர் முதலில போகச் சொன்னது? பெட்டி கழுவுறவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமோ?" அப்பா இடுப்பளவு பனியில் நின்றார். ஏற முயன்றால் இன்னும் கீழே வழுக்கினார். அசையாமல் நிற்கச் சொல்லி அம்மா கத்தினா. கொட்டில்காரி நெற்றியில் விளக்கோடு வந்து சேரும்வரை அப்படியே நின்றார். அவ தன் வண்டிக் கயிற்றையும் எங்கள் வண்டிக் கயிற்றையும் ஒன்றாக முடிந்து, தானும் அம்மாவுமாக இழுத்து மேலே எடுத்தா. அப்பாவின் உதடு கிழிந்திருந்தது. கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஏறிப்போகிற பான் என்று நினைத்து வந்தோம் என்பதைக் கேட்டதும் கொட்டில்காரி விளக்கை என் முகத்துக்குத் திருப்பினா. பலகையை வாசித்தது யார் என்று கேட்டா.

"நான்" என்றார் அப்பா. "நான்தான் பிழையாக வாசித்தேன்."

மிச்சத் தூரத்தை விளக்கின் பின்னால் நடந்தே இறங்கினோம்.

கொலோனுக்குத் திரும்பியபின் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்வார். "பலகையை நான் பிழையா வாசிச்சுப்போட்டன்" என்றுதான் தொடங்குவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவருக்கு 'ரோடல் அண்ணை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்பா நடந்ததை மறந்துவிட்டார், நான் தப்பினேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த கிழமையே ஒரு அலுவலகக் கடிதத்தை என் முன்னால் வைத்து, வழக்கம்போல "வாசி" என்றார். அகராதியை மூன்று தரம் புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். தனக்கு ஜெர்மன் வாசிக்க வராது என்பதை ஒருவருக்கும் தெரியாமல் அத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்த மனிதர், அதையே சபை நடுவில் தன் வாயால் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது நான் கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிறேன். வருகிற மாசிக்கு அதே ஊரில் மூன்று நாள் அறை எடுத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தனி வண்டி வேண்டுமாம். அப்பா, "வாறன், ஆனா பிறேக் என்ர பொறுப்பு" என்றார். பிறேக் பிடிப்பவர் பின்னால் இருக்க வேண்டும். நான் முன்னால் இருப்பேன். என் முகம் அவருக்குத் தெரியாது. ரோடல் என்றால் என்னவென்று தெரியாமலே ஊர்ப் பேர் என்று சொன்னேன் என்பதை, நாலாவது வளைவு வருவதற்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.